விழுந்து எழும்ப ஒரு சின்ன மேடு

முன்னேஸ்வரத்தில் மலை இல்லை. தென்னந்தோட்டங்கள், தெதுறு ஓயா, சிலாபத்துக் களப்பு, அதற்கு அப்பால் கடல். தலையை நிமிர்த்திப் பார்க்க எங்களுக்கு இருப்பவை கோயில் கோபுரமும் தென்னை மரங்களும்தான். ஆவணித் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது, என் கைத்தொலைபேசியில் இருந்த ஒரு படத்தைப் பார்த்து மருமகள் கேட்டாள்: "மாமா, இது மலையா?"

படத்தில் நான் இரண்டு நீளப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு பனியில் நிற்கிறேன். பின்னால் ஒரு சரிவு. "மலை இல்லை பிள்ளை, ஒரு மேடு" என்றேன்.

பக்கத்தில் இருந்த மச்சான் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். என் மனைவியின் தம்பி, கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தார். 2009இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். "அத்தான், ஒற்றைக் காலோட இது ஏலுமோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பனிச்சறுக்கு என்றவுடன் நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் வரும் பெரிய மலைகள். 2010 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த விசிலர் மலையில் மேலிருந்து கீழே 1,500 மீற்றருக்கும் அதிகமான இறக்கம் உண்டு. அங்கே போய்த் தங்கிச் சறுக்குவது பணமும் விடுமுறையும் உள்ளவர்களின் காரியம். இரண்டு வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது.

ஆனால் ரொறன்ரோ நகருக்குள்ளேயே இரண்டு சின்னச் சறுக்கு மேடுகள் இருக்கின்றன. ஒன்று வடக்கே ஏர்ள் பேல்ஸ் பூங்காவில். மற்றது எற்றோபிக்கோவில் உள்ள சென்ரெனியல் பூங்காவில். இரண்டாவது, ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை கொட்டிய இடம். இரண்டையும் நடத்துவது மாநகரசபை. சரிவின் உயரம் சில பத்து மீற்றர்தான். மேலிருந்து கீழே வர ஒரு நிமிடமும் ஆகாது.

நான் கனடாவுக்கு வந்து பல வருடங்கள் பனியை எதிரியாகவே பார்த்தேன். விடியப்புறம் வாசலில் அள்ளிக் கொட்டுவது, பஸ் தரிப்பிடத்தில் விறைத்து நிற்பது, வழுக்கி விழாமல் வேலைக்குப் போய்ச் சேர்வது, இவ்வளவுதான் பனி. மகளின் பாடசாலைப் பயணத்துக்குத் துணையாகப் போன நாளில்தான் ஏர்ள் பேல்ஸில் முதன்முதலாகப் பலகையில் ஏறினேன். ஏறியதும் விழுந்தேன். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனது. யாரும் சிரிக்கவில்லை. அங்கே எல்லோருமே விழுகிறவர்கள்.

சின்ன மேட்டின் சிறப்பு இதுதான். இறக்கம் குறைவு என்பதால் வேகம் குறைவு. விழுந்தால் பலகை சப்பாத்திலிருந்து தானாகக் கழன்றுவிடும்படி பூட்டு அமைத்திருக்கிறார்கள். முதலில் கற்றுத் தருவது நிற்பதற்கு: பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, குதிகளை அகட்டி, ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் குறையும். தொடக்கக்காரர் ஏறுவதற்கு நகரும் பாய் ஒன்று உண்டு, அதன்மேல் நின்றால் போதும். ஓட்டம் குறுகியது என்பதால் ஒரு மணித்தியாலத்தில் பலமுறை ஏறி இறங்கலாம். உடம்பு பழகுவது அந்தத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான். இரவில் விளக்குப் போடுவதால் வேலை முடிந்தும் போகலாம்.

அந்த மேட்டில்தான் ஒருநாள் ஒற்றைக் காலுடன் ஒருவர் இறங்கி வருவதைப் பார்த்தேன். ஒரு காலில் ஒரு பலகை. இரண்டு கைகளிலும் ஊன்றுகோல், கோல்களின் அடியில் சிறு பலகைகள். அவர் போன வழியில் பனியில் மூன்று கோடுகள் விழுந்திருந்தன. அதனால் இதற்கு மூன்று தடச் சறுக்கு என்றே பெயர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சறுக்கு கற்றுக்கொடுக்கும் 'ஒன்ராறியோ ட்ராக் 3' என்ற அமைப்பு 1972இல் தொடங்கியது. அதன் பெயரும் இதிலிருந்து வந்ததுதான். இரண்டு கால்களும் இல்லாதவர்களுக்கு, ஒற்றைப் பலகையின்மேல் இருக்கை பொருத்திய சறுக்கியும் உண்டு.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. இந்த முறைகளை வளர்த்தவர்களில் பலர் போரில் காயப்பட்டவர்கள். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து திரும்பிய ஒஸ்திரியர்களும் ஜேர்மனியர்களும் ஊன்றுகோலில் பலகை கட்டிப் பனியில் இறங்கிப் பார்த்தார்கள். செப் ஸ்விக்னாகல் என்ற ஒஸ்திரியர் இரண்டு கால்களையும் இழந்தபின் செயற்கைக் கால்களுடன் சறுக்கினார். 1948இல் ஒஸ்திரியாவின் பாட்காஸ்ரைனில் 17 பேர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். 1976இல் சுவீடனில் முதலாவது குளிர்காலப் பரா ஒலிம்பிக் நடந்தது.

ஏர்ள் பேல்ஸ் பூங்காவில் இன்னொன்றும் உண்டு: நாசிகள் நடத்திய யூத இன அழிப்பில் மாண்டவர்களுக்கான நினைவிடம். அதே பூங்காவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு சறுக்குகிறார்கள். முதலில் எனக்கு அது பொருந்தாததுபோல் பட்டது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. மே மாதம் முழுக்க அழுதுவிட்டு, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கும்போது குற்ற உணர்வு கொள்ளும் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.

இந்தச் சின்ன மேடுகளுக்கும் ஆபத்து இருக்கிறது. தெற்கு ஒன்ராறியோவில் இயற்கைப் பனி மட்டும் போதாது. தண்ணீரையும் அழுத்திய காற்றையும் சேர்த்து விசிறி அடித்துப் பனி செய்கிறார்கள். அந்தத் துளிகள் நிலத்தில் விழுமுன் உறைய வேண்டும். அதற்குக் காற்று உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும், ஈரமும் குறைவாக இருக்க வேண்டும். குளிர்காலம் இளகினால் முதலில் மூடப்படுவது தாழ்வான இந்த மேடுகள்தான். பெரிய மலைக்குப் போக வசதியுள்ளவர் போவார். இங்கே தொடங்கியிருக்க வேண்டிய பிள்ளை தொடங்காமலே போகும்.

மச்சானுக்கு என் பதில்: ஏலும். ஆனால் அதற்குக் கனடாவும் பனியும்தான் வேண்டும் என்றில்லை. 1950களில் நெதர்லாந்தில் உருவான, இருந்தபடியே ஆடும் கரப்பந்தாட்டம் இருக்கிறது. ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீற்றர். வேண்டியது சமதரை, ஒரு வலை, ஒரு பந்து. சமதரைக்கு எங்கள் கரையோரத்திலும் குறைவில்லை, வன்னியிலும் குறைவில்லை. கால் இழந்தவர்களுக்கு நாங்கள் வெளிநாட்டிலிருந்து சக்கர நாற்காலியும் பணமும் அனுப்பியிருக்கிறோம், அது தேவை. விழுந்தாலும் வெட்கப்படாமல் எழும்ப வீட்டுக்குக் கிட்ட ஓர் இடம் வேண்டும் என்று நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

இதை வாசித்துக் காட்ட அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதும் கேட்டார். கடைசியில், "வலை என்ன விலை வரும் அத்தான்?" என்றார்.