இடுப்பளவுக்கும் பித்தப்பைப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், 35 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்குப் பித்தப்பையில் கல் இருப்பது உறுதியானால், பையை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு அரசே உத்தரவாதம் தருகிறது. 2006-இல் வந்த ஏற்பாடு இது. பின்னாளில் புற்றுநோய் வராமல் தடுப்பதே இதன் நோக்கம். பித்தப்பைப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகத் தாக்கும் நாடுகளில் சிலியும் ஒன்று. மாப்புச்சே பழங்குடி மரபில் வந்தவர்களை, அதிலும் பெண்களை, அது கூடுதலாக வாட்டுகிறது. பரம்பரை ஒரு காரணம். உடல் பருமன் இன்னொன்று.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, நாம் சாப்பிடும்போது குடலுக்குள் பீய்ச்சுவது பித்தப்பையின் வேலை. அந்த நீரில் கொலஸ்ட்ராலும் கரைந்திருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில், கல்லீரல் அளவுக்கு மீறிய கொலஸ்ட்ராலைப் பித்தநீருக்குள் தள்ளுகிறது. டீயில் அதிகமாகப் போட்ட சர்க்கரை அடியில் தங்குவதுபோல, கரையாத மிச்சம் படிகமாகிறது. பித்தப்பையும் மந்தமாகச் சுருங்குவதால் படிகம் வெளியேறாமல் கல்லாக வளர்கிறது. கல் ஆண்டுக்கணக்கில் உராய உராய, உட்சுவர் புண்பட்டு ஆறி, மறுபடி புண்படுகிறது. இந்த ஓயாத அழற்சியில்தான் செல்கள் தடம் மாறுகின்றன. உடல் பருமனோடு தொடர்புடைய 13 புற்றுநோய்களைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் பட்டியலிட்டபோது, பித்தப்பையும் அதில் இடம்பெற்றது.

கல் இருப்பவர்கள் பதற வேண்டாம். அவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. ஆனால் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கல் இருந்திருக்கிறது. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், 1 சென்டிமீட்டரைத் தாண்டிய பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) என்றால் டாக்டரிடம் தாமதமின்றிப் பேச வேண்டும்.

இந்தியாவில் இந்த நோய் கங்கைச் சமவெளியிலும் அசாமிலும் அதிகம், தமிழ்நாட்டில் குறைவு. வடக்கே டைபாய்டு கிருமியின் நீண்டகாலத் தொற்று உள்ளிட்ட வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. இங்கே குறைவு என்பதை வைத்து நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பது என் எண்ணம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நம்மவர்களில் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டாலே எச்சரிக்கைதான். எடை இயந்திரம் நல்ல எண்ணைக் காட்டினாலும் டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. 'ஒரே மாதத்தில் பத்து கிலோ' என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வேகமே கல்லை உண்டாக்கும். உடம்பில் கரையும் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீரில் குவிகிறது. சாப்பாடு இல்லாததால் பித்தப்பை சுருங்காமல் கிடக்கிறது. வாரத்துக்கு அரை கிலோ, ஒரு கிலோ குறைந்தால் போதும்.

வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்ட பிறகு, தோள்பட்டை வரை பிடித்திழுக்கும் வலியை 'கேஸ் ட்ரபிள்' என்று மாதக்கணக்கில் ஜெலுசில் குடித்துத் தள்ளிப்போடுவது நம் வீடுகளில் சகஜம். ஒரு வயிற்று ஸ்கேன் போதும், கல் தெரிந்துவிடும். மஞ்சள் காமாலையும் எடை இழப்பும் தெரிய ஆரம்பித்தால், பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

பித்தப்பை ஆபரேஷன் முடிந்ததும் கற்களைச் சிறு டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுப்பார்கள். அதைவிட முக்கியம், அகற்றிய பை பயாப்சிக்குப் போனதா என்று கேட்பது. யாரும் சந்தேகிக்காத புற்றுநோய் பல நேரங்களில் அந்த ரிப்போர்ட்டில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது. தையல் பிரிக்கப் போகும்போது அதையும் கேட்டு வாங்கி, டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.