6,999 ரூபாய்க்குப் பற்று, வரவு!

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று, வரவுதான் ஞாபகம் வரும். 2014 மே மாதம் மோட்டோ ஈ வந்தபோதும் அப்படித்தான். விலை 6,999 ரூபாய். சம்பளத் தேதிக்குக் காத்திருந்து, ஃபிளிப்கார்ட்டில் வாங்கிவிட்டேன்.

முதலில் வரவு. 4.3 அங்குலத் திரை. மேலே சீக்கிரம் கீறல் விழாத கொரில்லா கிளாஸ் 3. ஒரு ஜி.பி. ராம். இரண்டு சிம். காலையில் சார்ஜ் போட்டு ஆபீஸ் போனால், ராத்திரி வீடு திரும்புகிறவரை பேட்டரி தாங்கும். வேண்டாத சரக்கைத் திணிக்காத சுத்தமான ஆண்ட்ராய்டு. அந்த விலைக்கு ஜாஸ்திதான் சார்!

இனி பற்று. உள்ளே இடம் 4 ஜி.பி.; அதிலும் ஒரு பங்கை ஃபோனே விழுங்கிவிடும். பாட்டு, படமெல்லாம் மெமரி கார்டுக்குக் குடிபோக வேண்டியதுதான். 5 மெகாபிக்ஸல் கேமராவில் ஃபோகஸ் மாறாது. பில்லைக் கிட்டே வைத்து எடுத்தால் எழுத்து கலங்கும். ஃப்ளாஷ் கிடையாது. முன்பக்கம் கேமராவே கிடையாது!

அதனாலென்ன, நாம என்ன சினிமா ஹீரோவா என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபோனில் ஸ்கைப் போட்டு அம்மா கேட்டாள்: "ஏண்டா, சுவத்தையே காட்டறே? உன் மூஞ்சி எங்கே?"

ஃபோனைத் திருப்பினால் அம்மாவுக்கு நான் தெரிவேன். எனக்கு அம்மா தெரியமாட்டாள். கடைசியில் பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றேன். "இளைச்சுட்டியேடா..." என்றாள்.

கம்பெனி எதையும் ஒளிக்கவில்லை. நான்தான் வரவை மட்டும் படித்தேன். விலை குறைந்தால் ஏதாவது குறையத்தான் செய்யும். அது இல்லாமல் நம்மால் இருக்க முடியுமா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்!