டவர் தேடு படலம்

கோபுரத்தைக் குறிக்கும் 'டவர்' என்ற அயற்சொல், தமிழ் மக்களின் நாவில் புதியதொரு பொருளைப் பெற்றிருக்கிறது. "டவர் இல்லை", "டவர் விட்டு விட்டு வருகிறது", "மாடிக்குப் போனால் டவர் கிடைக்கும்" என்று நாள்தோறும் கேட்கிறோம். இங்கே டவர் என்பது இரும்பால் எழுந்து நிற்கும் கோபுரமன்று; அதிலிருந்து புறப்பட்டுக் கைப்பேசியை வந்தடையும் அலையே ஆகும். நிற்கும் பொருளின் பெயர் அதிலிருந்து வரும் பொருளுக்கு ஆகி வந்தமையால் இதனை ஆகுபெயர் எனலாம். எவ்வகை ஆகுபெயர் என்பதை இலக்கண வகுப்பு மாணவர்களின் ஆராய்ச்சிக்கு விட்டுவிடுகிறோம்.

அவ்வலையைத் தேடுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். அதிலும் குறிப்பாக, ஒரு நிறுவனம் பழைய கருவிகளை இறக்கிப் புதிய தலைமுறைக் கருவிகளைக் கோபுரத்தில் ஏற்றுகின்ற இடைக்காலத்தில் மக்கள் படும் பாட்டை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம். தமிழ்த்துறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வினவுவோர் இருக்கலாம். தொடர்பை உண்டாக்கியவர் ஒரு மூதாட்டியார்.

நம் துறை மாணவர் ஒருவருடைய உம்மம்மா கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறார். அவருடைய இளைய மகன் சபர் சென்று குவைத்தில் பணிபுரிகிறார். ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பின் மகனின் அழைப்பு வரும். வீட்டினுள் அலை எட்டாது. மொட்டைமாடியின் தென்மேற்கு மூலையில் மட்டும் தெளிவாக எட்டும். அவ்விடம் தவறிவிடக் கூடாதென்று அவர் அங்கே ஒரு செங்கல்லை வைத்திருந்தார். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வூர்க் கோபுரத்தில் புதிய கருவிகள் ஏற்றப்பட்டன. இனிமேல் எல்லாம் விரைவாகும் என்று ஊரே மகிழ்ந்திருக்க, செங்கல்லருகே நின்ற உம்மம்மாவுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. "புதுசு வந்தா பழசும் போயிடுமா வாப்பா?" என்று அவர் பேரனிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியே நாம் புறப்பட்டோம். எந்த நிறுவனத்தின் கோபுரம் என்பது இங்கு வேண்டுவதில்லை.

புதியது வரும்போது பழையது சிறிது காலம் கெடும் என்பது இத்துறையின் இயல்பு. நம் நாட்டில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு பாரத் சஞ்சார் நிகாம் எனப்படும் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 4ஜி மாற்றமாகும். தனியார் நிறுவனம் ஒன்று கொல்கத்தாவில் 4ஜி சேவையைத் தொடங்கியது 2012இல். ஜியோ நாடெங்கும் களமிறங்கியது 2016 செப்டம்பரில். 5ஜி தொடங்கியதோ 2022 அக்டோபர் முதல் நாளில். அரசு நிறுவனமோ அதுவரையும் பெரும்பாலான இடங்களில் 2ஜி, 3ஜி அளவிலேயே நின்றது. 2020இல் அது கோரிய 4ஜி ஒப்பந்தப்புள்ளி விலக்கிக்கொள்ளப்பட்டு, உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளைக் கொண்டு அமைப்பதென முடிவாயிற்று. மையப்பகுதியைச் சி-டாட் நிறுவனமும், கோபுரத்தில் ஏற்றும் வானலைக் கருவிகளைத் தேஜஸ் நெட்வொர்க்ஸும் உருவாக்க, ஒருங்கிணைக்கும் பொறுப்பை டி.சி.எஸ். ஏற்றது. 2023 மே மாதத்தில் 15,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணியாணை அளிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் நிகழ்ந்த விழாவில் 97,500க்கும் மேற்பட்ட 4ஜி கோபுரங்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலந்தான் தேடுவோரின் காலம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது இலட்சக்கணக்கானோர் தம் எண்ணை மாற்றாமலே அரசு நிறுவனத்திற்கு மாறினர். மாறியவர்கள் கைப்பேசியை ஏந்தியவண்ணம், '4ஜி' என்னும் எழுத்துத் திரையில் எங்கே தோன்றும் என்று தெருத்தெருவாகப் பார்த்ததை நாம் நேரில் கண்டிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் தோன்றும். தம் தெருவில் தோன்றாது. ஒருவர் கைப்பேசியில் தோன்றும். அருகே நிற்பவர் கைப்பேசியில் தோன்றாது.

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது அலைவரிசை. அந்நிறுவனத்தின் 4ஜி பெரிதும் 700, 2100 மெகாஹெர்ட்சு ஆகிய இரு அலைவரிசைகளில் வருகிறது. 700இன் அலைநீளம் ஏறக்குறைய 43 செ.மீ.; 2100இன் அலைநீளம் 14 செ.மீ. நீண்ட அலை தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு கடக்கும். தெருக்கோடியில் தப்ஸ் முழங்கினால் அதன் அதிர்வு மூடிய கதவையும் கடந்து வீட்டினுள் வருகிறது. உடன் பாடுவோரின் சொற்களோ வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அலைகளின் கதையும் இதுவே. ஆனால் 700ஐக் கேட்கும் ஆற்றல் எல்லாக் கைப்பேசிகளுக்கும் இல்லை. பட்டை 28 எனப்படும் இவ்வலைவரிசைக்கான உறுப்பு, நம் நாட்டில் முன்பு விற்ற மலிவான கைப்பேசிகள் பலவற்றில் வைக்கப்படவில்லை. அத்தகைய கைப்பேசியை வைத்திருப்பவர் கோபுரத்தின் காலடியில் நின்றாலும் 700இல் வரும் 4ஜியைக் காணமாட்டார். பொருளை வாங்குமுன் அதன் விவரத்தாளில் பட்டை எண்களைப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? நிறத்தைப் பார்க்கிறோம், படக்கருவியைப் பார்க்கிறோம், இதை மட்டும் பார்ப்பதில்லை.

இரண்டாவது சிம் அட்டை. பழைய 2ஜி, 3ஜி அட்டைகளை 4ஜி அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு விளக்கம் மிகுதியும் வேண்டா. மூன்றாவது பேச்சு. 4ஜியின் வழியாகவே பேசும் வசதி கைப்பேசியிலோ அவ்விடத்துச் சேவையிலோ இல்லையாயின், அழைப்பு வந்தவுடன் கைப்பேசி 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும்வரை இணையம் நின்றுபோகும். "போன் வந்ததும் 4ஜி ஓடிவிடுகிறது" என்று பலரும் முறையிடுவது இதையே.

நான்காவது, கோபுரத்திலேயே நிகழும் மாற்றம். 2100 அலைவரிசையில் முன்பு 3ஜி குடியிருந்தது. புதியது குடிபுகப் பழையது வெளியேற வேண்டும். மேலே ஆன்டனாவை மாற்றும்போது அதன் உயரம், திசை, சாய்வு ஆகியன சிறிதேனும் மாறும். ஒரு பாகை சாய்வு மாறினாலும் ஊரின் விளிம்பில் அலை விழும் இடம் நகர்ந்துவிடும். சில கோபுரங்களில் கருவி ஏறிவிடும். அதனை மையத்தோடு இணைக்கும் கண்ணாடியிழை வடம் வந்திராது. விளக்கைத் தொங்கவிட்டு எண்ணெய் ஊற்றாத நிலை அது. சில இடங்களில் பக்கத்துக் கோபுரங்கள் இன்னவை என்ற பட்டியல் புதிய கருவியில் பதியப்பட்டிராது. அங்கே பேசிக்கொண்டே நடப்பவரின் அழைப்பு, எல்லையைத் தாண்டியதும் அறுந்துபோகும்.

இனித் தேடும் முறைக்கு வருவோம். கைப்பேசித் திரையின் மேலே தோன்றும் கோடுகளை நம்பித் தேடுவது பயனற்றது. எத்தனை வலிமைக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் விருப்பப்படி வகுக்கின்றனர். உண்மையான அளவு டெசிபல் கணக்கில் எதிர்ம எண்ணாக உள்ளே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் *#*#4636#*#* என்று அழுத்தினால் அது தெரியும். சில தயாரிப்புகளில் இது திறவாது. அதற்கென இலவசச் செயலிகள் உள்ளன. 4ஜியில் −80 என்பது நல்ல வலிமை, −110 மெலிந்தது, −120க்குக் கீழே சென்றால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. −80க்கும் −110க்கும் முப்பதுதானே வேறுபாடு என்று எண்ணிவிடலாகாது. இக்கணக்கில் பத்துப் பத்தாக இறங்கும் ஒவ்வொரு படியும் பத்தில் ஒரு பங்காகக் குறைதலாகும். முப்பது இறங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும்.

கைப்பேசிக்கு மற்றொரு குணமும் உண்டு. பிடித்த அலையை அது எளிதில் விடுவதில்லை. அருகே புதிய அலை பிறந்திருந்தாலும் பழைய தொடர்பையே பற்றிக்கொண்டு நிற்கும். ஆதலால் தேடுவோர் ஓரிடத்தில் நின்று, ஃபிளைட் மோடை இட்டுச் சில நொடிகள் கழித்து நீக்குவர். கைப்பேசி எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தேடத் தொடங்கும். கையை உயர்த்திப் பிடித்து நிற்பதைவிட இது பயன்தரும்.

எல்லாவற்றினும் சிறந்த கருவி எண்ணே. 4ஜி கோபுரத்தின் ஒவ்வொரு திசைப்பகுதிக்கும் தனி எண் உண்டு. அதனை 256ஆல் வகுத்தால் ஈவு கோபுரத்தின் எண். மீதி திசைப்பகுதியின் எண். எடுத்துக்காட்டாக 2,56,513 என்று திரையில் தோன்றினால், ஈவு 1002, மீதி 1. அதாவது 1002ஆம் கோபுரத்தின் முதல் திசை. வழக்கமான கோபுரம் வட்டத்தை மூன்றாகப் பகுத்து மூன்று திசைகளை நோக்கி அலை வீசும். இதனோடு, கோபுரத்திற்கும் நமக்கும் உள்ள தொலைவைக் காட்டும் 'டைமிங் அட்வான்ஸ்' என்ற எண்ணும் சில கைப்பேசிகளில் தெரியும். ஒவ்வோர் அலகும் ஏறத்தாழ 78 மீட்டர். கோடிகள் செலவிட்டு அமைத்த வலையின் உள்ளமைப்பைப் பள்ளிக் கணக்கு ஒன்றைக் கொண்டு அறிய முடிகிறது என்பது நமக்கு வியப்பாகவே இருந்தது.

இவ்வறிவைத் துணைகொண்டு, மாணவர் நால்வர் ஒரு குறிப்பேட்டுடன் உம்மம்மாவின் ஊருக்குச் சென்றனர். கோபுரத்தைச் சுற்றிலும் உள்ள தெருக்களில் நடந்து, நூறடிக்கு ஒருமுறை நின்று எண்களை எழுதினர். கடைத்தெருவில் மீதி 1. பள்ளிக்கூடத் தெருவில் மீதி 2. கடற்கரைப் பக்கத்துத் தெருக்களிலோ மீதி 3 வரவேண்டும், வரவில்லை. அங்கே ஈவே வேறாக இருந்தது. கைப்பேசி, அறுநூறு மீட்டரில் கண்ணெதிரே நிற்கும் கோபுரத்தை விடுத்து வேறொன்றைப் பிடித்திருந்தது. தொலைவு எண் 52. பெருக்கிப் பார்த்தால் நான்கு கிலோமீட்டர். செங்கல்லருகே வலிமை −117. கோபுரத்தின் மூன்றாம் திசை இன்னும் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. உம்மம்மாவின் மாடியில் குறையில்லை. அவருடைய கைப்பேசியிலும் குறையில்லை.

இதற்கிடையே நிறுவனத்தின் வரைபடத்தையும் பார்த்தோம். எந்தெந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்பதைக் காட்டும் வரைபடங்களைத் தொலைப்பேசி நிறுவனங்கள் தத்தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2024இல் விதித்தது. 2025 ஏப்ரலில் அவை வெளிவந்தன. நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரைபடம் பெரிதும் கணக்கீட்டால் வரையப்படுவது. உம்மம்மாவின் தெருவும் அதில் முழு நிறத்தோடு காட்சியளித்தது. கோபுரம் உள்ளது, கருவி ஏறியுள்ளது, ஆகவே அலை இருக்கும் என்பது வரைபடத்தின் துணிபு. செங்கல்லருகே நின்றவரை அது அறியாது.

முறையீட்டிலும் ஒரு பாடம் பெற்றோம். முதலில் "எங்கள் தெருவில் டவர் இல்லை" என்று எழுதினோம். "பணி நிறைவுற்றது, சேவை இயல்பாக உள்ளது" என்ற மறுமொழியோடு முறையீடு முடிக்கப்பட்டது. இரண்டாம் முறை, கோபுர எண், கிடைக்கும் இரு திசை எண்கள், கிடைக்காத மூன்றாம் எண், நின்ற இடங்கள், நாள், நேரம், டெசிபல் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் வரிசைப்படுத்தி அனுப்பினோம். பத்து நாள்களுக்குள் இரு ஊழியர்கள் கோபுரத்தில் ஏறினர். மூன்றாம் திசைக் கருவிக்குச் செல்லும் வடம் பொருத்தப்படாமலே தொங்கியதாக அவர்களுள் ஒருவர் கீழிறங்கி வந்து கூறினார்.

அன்று மாலை பேரன் மாடிக்குச் சென்று ஃபிளைட் மோடை இட்டு நீக்கினார். எண்ணை வகுத்தார். மீதி 3, வலிமை −84. வீட்டினுள் அடுக்களைச் சன்னலருகே −97. மஃரிபு தொழுது முடித்த உம்மம்மா வழக்கம்போல் மாடிப்படியில் கால் வைத்தபோது, அடுக்களையிலேயே கைப்பேசி ஒலித்தது.