குரைப்பை அடக்கும் கழுத்துப்பட்டை

மும்பையிலோ கொல்கத்தாவிலோ அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர் நாய் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அலுவலகம் சென்றபின் அது தனியே கிடந்து ஓயாமல் குரைக்கிறது. அண்டை வீட்டார் முதலில் முகம் சுளிக்கிறார்கள். பிறகு குடியிருப்போர் சங்கத்தில் புகார் செய்கிறார்கள். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் பெருந்துணை அன்றோ? நாயையும் கைவிட மனம் வரவில்லை. இந்நிலையில், குரைப்பைத் தானே அடக்கும் கழுத்துப்பட்டை கடையில் கிடைக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். அது எவ்வாறு வேலை செய்கிறது, வாங்கத் தக்கதுதானா என்று சற்று ஆராய்வோம்.

இப்பட்டையில் நாயின் தொண்டையை ஒட்டிச் சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதனுள் பாட்டரியும், குரைப்பை உணரும் கருவியும் உண்டு. சில பட்டைகள் ஓசையைக் கொண்டும், சில தொண்டையின் அதிர்வைக் கொண்டும் குரைப்பை அறிகின்றன. அறிந்தவுடன் ஒருவகைப் பட்டை மின்னதிர்ச்சி தரும். மற்றொன்று சிட்ரோனெல்லா என்னும் புல்லெண்ணெயின் மணத்தை மூக்கருகே பீய்ச்சும். வேறொன்று வெறுமனே அதிரும். இன்னொன்று நம் செவிக்கு எட்டாத கூரிய ஒலியை எழுப்பும். மனிதர் செவி நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் கொண்ட ஒலி வரையே கேட்கும்; நாயின் செவியோ 45,000 வரை கேட்க வல்லது.

இவற்றால் குரைப்புக் குறையுமா? சில நாய்களிடம் குறைவதுண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், மின்னதிர்ச்சிப் பட்டையைக் காட்டிலும் மணம் பீய்ச்சும் பட்டையே மிகுந்த பயன் தந்ததாக நாய் வளர்ப்போர் கருதினர். ஆயினும் நாளடைவில் நாய் அம்மணத்திற்குப் பழகிவிடக் கூடும். ஓசையை உணரும் பட்டை, பக்கத்து நாய் குரைத்தாலும் நம் நாயைத் தண்டித்துவிடலாம்.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. நாய் காரணமின்றிக் குரைப்பதில்லை. தனிமை, அச்சம், சலிப்பு, நோய், அந்நியர் வருகை ஆகியவை அதன் குரலை எழுப்புகின்றன. பட்டை குரலை அடக்குமேயன்றிக் காரணத்தை அகற்றாது. அஞ்சிக் குரைக்கும் நாய்க்கு வலியும் சேர்ந்தால் அச்சம் பெருகும். தாழ்வாரத்தில் ஒரு குழந்தையைக் கண்டு குரைக்கையில் வலி உண்டானால், அவ்வலிக்குக் குழந்தையே காரணம் என்று அது எண்ணிவிடலாம்; பின்னர் கடிக்கவும் துணியலாம். வேல்ஸ் நாட்டில் 2010-ஆம் ஆண்டிலேயே மின்னதிர்ச்சிப் பட்டைகள் தடைசெய்யப்பட்டன.

நம் நாட்டிலும் பிராணிகளுக்கு அநாவசியமாகத் துன்பம் விளைவிப்பதை 1960-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. எப்போதும் கட்டியே வைக்கப்படும் நாயை உலவவிடாதிருப்பதும் அச்சட்டப்படி குற்றமே. இத்தகைய சட்டம் வேண்டுமென்று 1953-இல் மாநிலங்களவையில் மசோதா கொணர்ந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, நோய் இல்லையென்று உறுதி செய்துகொள்க. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் நாயை நன்றாக நடத்தி அழைத்து வருக. தெருவைக் காணும் சன்னலுக்குத் திரையிடுக. அது குரைக்கும்போது அதட்ட வேண்டாம். அதட்டலை நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அது கொள்ளக்கூடும். குரைப்பு ஓய்ந்த கணத்தில் ஒரு சிறு தின்பண்டம் கொடுத்துப் பாராட்டுக. தனிமையைத் தாங்கச் சிறிது சிறிதாகப் பழக்குக: முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அரைமணி. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அண்டை வீட்டாரிடமும் நேரில் சென்று, எடுத்துவரும் முயற்சியை அவர்கள் மொழியிலேயே இரண்டு வார்த்தை சொல்லி வைப்பது நலம். நம் அக்கறையை அறிந்தவர்கள் சில நாள் பொறுத்துக்கொள்வார்கள். வாய் பேசாத பிராணிக்கு இருப்பது அந்த ஒரு குரல்தான். அதை அடக்குமுன், அது சொல்ல வருவது என்னவென்று கேட்பது வளர்ப்பவர் கடமையாகும்.