செய்தியும் வகுப்பறையும்: திருகோணமலையில் ஆசிரியர் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

வெகுசனத் தொடர்புச் சாதனங்களைப் பகுத்தறிந்து வாசிக்கும் ஆற்றலும் பல்பண்பாட்டுக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியில் இருவேறு அலகுகளாகவே கருதப்பட்டு வருகின்றன. முன்னையது தொழில்நுட்பஞ் சார்ந்தது என்றும், பின்னையது நல்லெண்ணஞ் சார்ந்தது என்றும் கொள்வது வழக்கமாகிவிட்டது. இப்பிரிப்புப் பொருந்தாது என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் அண்மைக்கால வரலாறே சான்று. அங்கு ஓர் இனத்தவர் மற்றோர் இனத்தவரை அறிவது பெரிதும் செய்தியின் வாயிலாகவே. அச்செய்தியோ இனவழிப் பிரிந்த வாசகருக்கெனத் தனித்தனியே உற்பத்தி செய்யப்படுகின்றது.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவினத்தாருள் எவரும் இம்மாவட்டத்தில் அறுதிப் பெரும்பான்மையினர் அல்லர். பிரித்தானியர் 1957 இல் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும்வரை துறைமுகம் பல இனத்தவருக்கும் வேலை தந்தது. மீன்பிடியும் சந்தையும் இன்றும் அவர்களைச் சந்திக்க வைக்கின்றன. உழைப்பு ஓரளவேனும் இணைத்தவர்களைப் பாடசாலை பிரித்தது. சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்பதோடு பிரிவு நின்றுவிடவில்லை. தமிழ் மொழிமூலத்துள்ளும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற வேறுபாடு உண்டு. அவற்றின் விடுமுறைக் காலங்கள்கூட ஒன்றல்ல. இப்பாடசாலைகளிற் கற்றவரே பெரும்பாலும் மொழிவழிப் பிரிந்த கல்லூரிகளிற் பயிற்சி பெற்று, இவற்றுக்கே ஆசிரியராய் மீள்கின்றனர்.

இதன் விளைவை இரு நிகழ்வுகள் தெளிவுபடுத்தும்.

2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்தது என்பது அதிகார தரப்பின் முதல் விளக்கம். உடல்களிற் காணப்பட்ட துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைச் 'சுடர் ஒளி'யின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளிப்படுத்தின. அம்மாதம் 24 ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கிற் குற்றஞ் சாட்டப்பட்ட 13 பேரும், சான்றுகள் போதாமையால், 2019 இல் விடுவிக்கப்பட்டனர். முதலிற் பேசியவர் யார், அவர் காட்டிய சான்று யாது, அக்கூற்றால் நன்மை அடைபவர் யார் என்னும் வினாக்கள் இந்நகரத்தில் வெறும் பாடநூற் பயிற்சியாக இருத்தல் இயலாது.

இரண்டாவது நிகழ்வு 2018 ஏப்ரலுக்குரியது. ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிய பிணக்கு வீதிப் போராட்டமாயிற்று. அதற்குச் சில வாரங்களின் முன்னரே அம்பாறையில் உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாக வதந்தி பரவி வன்முறை மூண்டிருந்தது. திகன வன்முறையையடுத்து முகநூல் நாடு முழுவதும் தற்காலிகமாக முடக்கப்பட்டிருந்தது. இத்தகைய சூழலில், ஓர் ஆசிரியர் அறையிற் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விடயம் சமூக ஊடகங்களில் இரு சமூகங்களின் மானப் பிரச்சினையாயிற்று. 2022 பெப்ரவரியில் அது மீண்டும் வெடித்தது. ஈண்டுக் கவனிக்க வேண்டியது, இரு தரப்பினரும் பேசியது தமிழே என்பதாகும். மொழியறிவு மட்டும் பரஸ்பரப் புரிதலைத் தந்துவிடாது.

கொள்கைகளுக்குக் குறைவில்லை. 1982 இல் யுனெஸ்கோ சார்பிற் கூடிய கிறன்வால்ட் மாநாடு ஊடகக் கல்வியை வலியுறுத்தியது. 2011 இல் யுனெஸ்கோ ஆசிரியர்களுக்கெனவே ஒரு பாடவிதானத்தை வெளியிட்டது. சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கையை இலங்கைக் கல்வி அமைச்சு 2008 இல் வகுத்தது. ஆயினும் நடைமுறையிற் பல்பண்பாட்டுக் கல்வி பெரும்பாலும் பொங்கலும் வெசாக்கும் நோன்புப் பெருநாளும் கொண்டாடுவதோடு அமைந்துவிடுகின்றது. நிலம், தொழில், அதிகாரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுப் பலகாரத்தைப் பரிமாறும் பண்பாட்டுக் கல்வி, முரண்பாட்டை மறைக்குமேயன்றித் தீர்க்காது. 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்ற பாடமோ விரும்பித் தெரிபவருக்கே உரியது.

செய்யக்கூடியது யாது? மூவின ஆசிரியரும் ஒரே அறையில் இருந்து பயிலும் சேவைக்காலப் பயிற்சி முதற்றேவை. லேக் ஹவுஸ் நிறுவனம் 1973 இல் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 'தினகரன்', 'தினமின', 'டெய்லி நியூஸ்' மூன்றும் அதன் வெளியீடுகளே. ஒரே நாளின் இம்மூன்று இதழ்களையும் அருகருகே விரித்து, திருகோணமலை பற்றிய ஒரு செய்தி எதில் உள்ளது, எதில் இல்லை, தலைப்பு எவ்வாறு மாறுகிறது என்று ஆராயலாம். உடைமை ஒன்று, வாசகர் மூவகையினர் என்ற உண்மையிலிருந்து சித்தாந்தம் பற்றிய பாடம் தானே தொடங்கும். இரண்டாம் தேசிய மொழி ஆசிரியர்கள் அப்பயிற்சியின் மொழிபெயர்ப்பாளராகலாம்.

ஆசிரியரின் நிலையையும் மறத்தலாகாது. அவர் இடமாற்றத்துக்கு உட்பட்ட அரச ஊழியர். தாபன விதிக்கோவை அவர் ஊடகங்களுக்குக் கருத்துரைப்பதைக் கட்டுப்படுத்துகின்றது. சமூக ஊடகக் கருத்துக்களும் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரியன எனும் சுற்றறிக்கை 2022 இல் வெளியாயிற்று. கேள்வி கேட்கக் கற்பிக்குமாறு பணிக்கப்படுபவருக்கே கேள்வி கேட்கும் உரிமை இல்லையெனில், பயிற்சி சான்றிதழோடு முடிந்துவிடும். ஆகவே ஊடகக் கல்விக்கான கோரிக்கையும் ஆசிரியர் தொழிற்சங்க உரிமைக்கான கோரிக்கையும் ஒன்றாகவே எழுப்பப்படல் வேண்டும். அடுத்த வதந்தி நகருக்குள் நுழையும்போது அதை முதலில் எதிர்கொள்ளப்போவது வகுப்பறையே.