அலுமினியமும் உராய்வுப் பக்குவமும்

உலோகத்தின் குணத்தை மாற்ற அதை உருக்குவதும், அடித்தும் உருட்டியும் உருவத்தை மாற்றுவதும் நெடுங்கால வழக்கம். இவ்விரண்டுமின்றி, வேண்டிய இடத்தில் மட்டும் உலோகத்தின் உள்ளமைப்பைத் திருத்தும் முறையொன்று இன்று கைவந்திருக்கிறது. அதன் நன்மையைப் பேசுவோர் பலர். எல்லையை எடுத்துரைப்போர் சிலரே. இரண்டையும் ஒருங்கே கூறுவது அவசியமென்று கருதுகிறோம்.

1991-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகேயுள்ள வெல்டிங் இன்ஸ்டிட்யூட்டில், உராய்வின் சூட்டால் இளக்கிக் கலக்கித் தகடுகளை இணைக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. அதே யுக்தியால் ஒரே தகட்டைப் பக்குவப்படுத்தலாமென்று ராஜீவ் மிஸ்ரா முதலிய ஆராய்ச்சியாளர் பின்னர் நிரூபித்தனர். அகன்ற தோளும், அதன் நடுவே குட்டையான முளையும் உடைய எஃகுக் கருவி சுழன்றவாறே தகட்டில் இறங்கி நகர்கிறது. உலோகம் இளகுகிறதேயன்றி உருகுவதில்லை. முளை கலக்கிச் சென்ற வழியில் பெரிய படிகமணிகள் மறைந்து நுண்மணிகள் தோன்றுகின்றன.

இதன் பலன் வியக்கத்தக்கது. 7075 என்னும் கலப்புலோகம் இவ்வாறு பக்குவப்பட்டபின், 490 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் அறுபடாமல் 1000 சதவிகிதத்துக்கு மேல் நீண்டதாக 2000-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஏ356 என்னும் வார்ப்புலோகத்தில் ஊசிபோன்ற சிலிக்கன் துண்டுகள் நொறுங்கிப் பரவுகின்றன. வார்ப்பின் நுண்துளைகள் மூடுகின்றன. விரிசல் தொடங்குவது அத்துளைகளிலேயாதலால், திரும்பத் திரும்ப வரும் பாரத்தைத் தாங்கும் வலிமை 80 சதவிகிதத்துக்கு மேல் உயர்ந்தது.

ஆயினும் எல்லா அலுமினியமும் இதனால் உரம் பெறும் என்று எண்ணுவது பெரும் பிழை. 6061 போன்றவை காய்ச்சி, தணித்து, மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தப்படுகின்றன. அப்போது உள்ளே விளையும் நுண்துகள்களே அவற்றின் உரம். கருவியின் சூடு அத்துகள்களைக் கரைத்துவிடுகிறது. ஓரத்திலோ பருக்கச் செய்கிறது. மணி நுண்மையானாலும் கெட்டித்தன்மை குறைகிறது. மீண்டும் காய்ச்சிப் பதப்படுத்தினால் உரம் திரும்பும். ஆனால் அச்சூட்டில் சில மணிகள் மிதமிஞ்சிப் பெருப்பதுமுண்டு. 5083 போன்றவை மென்பதத்தில் இருந்தால் கெட்டிப்படும். குளிர்நிலையில் உருட்டிக் கெட்டியாக்கப்பட்டிருந்தாலோ, அக்கெட்டியை இழக்கும்.

கருவியின் வேகமும் பொருந்தியிருத்தல் வேண்டும். சூடு போதாவிடில் உள்ளே சுரங்கம்போன்ற பொந்து நின்றுவிடும். மேற்பரப்பு அதனைக் காட்டாது. விமானத்திலும் கப்பலிலும் செல்லும் மாந்தரின் உயிர் இத்தகடுகளை நம்பியிருக்கிறது. ஆகவே, எந்தக் கலவை, எந்தப் பதம், எந்த வேகம் என்று தனித்தனியே சோதித்து, உள்ளே ஊடுருவிப் பார்த்தபின்னரே எந்தத் தகட்டையும் ஏற்க வேண்டும் என்று யந்திர நிபுணர்களை வற்புறுத்துகிறோம். பக்குவம் என்ற பெயர் மட்டும் பாரத்தைத் தாங்காது.