வாணவேடிக்கையும் கரிசல் மண்ணும்

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ஆம் தேதி பட்டாசு ஆலையொன்று வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டு, இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 20 லட்ச ரூபாய் நஷ்டஈடு வழங்கவேண்டுமென விதித்தது. மனித உயிருக்கு எத்தொகையும் ஈடாகாது என்பது ஒருபுறமிருக்க, அன்று எரிந்த மருந்தும் காகிதமும் பிளாஸ்டிக்கும் சாம்பலாகி எந்த மண்ணில் படிந்தனவோ அந்த மண்ணின் கதியைப் பற்றி நம்மில் எவரும் அதிகமாகச் சிந்தித்ததாகத் தோன்றவில்லை. விபத்து ஒருநாள் நிகழ்வது. கழித்த மருந்தையும் கழிவுக் காகிதத்தையும் பொட்டலில் கொட்டிக் கொளுத்துவதோ இப்பிரதேசத்தில் பழகிப்போன காரியம்.

பட்டாசு என்றதும் கந்தகமும் அலுமினியமும் நினைவுக்கு வருமேயன்றிக் கரிம ரசாயனங்கள் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் வானத்தில் விரியும் வர்ணத்தின் ரகசியம் குளோரினிடத்தில் இருக்கிறது. பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் தாமிரமும் சுடரின் உஷ்ணத்தில் குளோரினோடு சேரும்போதுதான் முறையே பச்சையும் சிவப்பும் நீலமும் தெளிவாகப் பிறக்கின்றன. அந்தக் குளோரினை ஊட்டுவதற்காக மணிமருந்தில் பி.வி.சி. தூள், குளோரின் ஏற்றிய ரப்பர் போன்றவற்றைச் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த சில வாணவேடிக்கைப் பொருள்களில் ஹெக்ஸாகுளோரோபென்சீன் என்னும் கொடிய விஷமே அகப்பட்டிருக்கிறது. கரியும் குளோரினும் அரைகுறையாக எரிந்து, புகை ஆறிவருகையில், ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரி வரையிலான உஷ்ணத்தில் டயாக்சின்கள் என்னும் விஷப்பொருள்கள் உருவாகின்றன. அவ்வினையைத் தூண்டிவிடுவதில் தாமிரத்துக்கு நிகரான உலோகம் அரிது. கண்ணைக் கவரும் நீலமே விஷத்துக்கும் தாதியாகிறது என்றால் அது மிகையன்று. பேரிய உப்புக்களை 2018இல் விலக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் குறித்துத் தேநீர்க் கடைகளில்கூட வாதம் நடக்கிறது. குளோரினைப் பற்றி அங்கு யாரும் வாய் திறப்பதில்லை.

இதே பட்டாசிலிருந்து வெளிப்படும் பெர்குளோரேட் என்னும் உப்பின் சுபாவம் வேறு. அது கரிமப் பொருளன்று; நீரில் எளிதில் கரைந்து கிணற்றுக்குப் போய்விடும். 2013இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளுள் 17இல், குடிநீருக்கென அமெரிக்க அரசு நிறுவனம் முன்மொழிந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அளவை அது தாண்டியிருந்ததாகக் காட்டியது. உச்ச அளவு 7,690 மைக்ரோகிராம். தைராய்டு சுரப்பி அயோடினை உட்கொள்வதைத் தடுக்கும் அந்த உப்பைக் குறைந்தபட்சம் தண்ணீரைச் சோதித்துக் கண்டுகொள்ளலாம். டயாக்சினோ தண்ணீரை வெறுத்துக் களிமண்ணையும் மக்கிய பொருளையும் பற்றிக்கொண்டு, தேடாதவர் கண்ணுக்கு அகப்படாமல் நெடுங்காலம் கிடப்பது.

இங்கேதான் கரிசலின் விசேஷ குணத்தைக் கவனிக்கவேண்டும். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் இந்த மண், கோடையில் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். மேலே கிடந்த பொடியும் சாம்பலும் அவ்வெடிப்புகளில் சரிந்து இறங்க, அடுத்த மழையில் வாய் மூடிக்கொள்ளும். தன்னைத் தானே உழுதுகொள்ளும் நிலம் என்று விஞ்ஞானிகள் இதைப் புகழ்வதுண்டு. பருத்திக்கு நல்லதான அதே குணம், விஷத்தின் விஷயத்தில் கெடுதலாக முடிகிறது: மேற்பரப்பில் சூரிய ஒளி படும் டயாக்சின் பாதியாகக் குறைய 9 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்றால், வெளிச்சம் எட்டாத ஆழத்தில் 25 முதல் 100 ஆண்டுகள் வரை ஆகலாம் என்பது கணிப்பு.

பட்டாசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் நியாயமன்று. டி.டி.டி.க்கு விவசாயத்தில் 1989இலும், பி.எச்.சி. பவுடருக்கு 1997இலும், எண்டோசல்பானுக்கு 2011இலும் தடை வருமுன், பருத்தி விளையும் நம் நாட்டு நிலங்களெல்லாம் இத்தகைய குளோரின் பூச்சிமருந்துகளை உண்டவையே. நகரத்திலோ டயாக்சினுக்குக் குப்பை எரிவதே மூலகாரணம். சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டு மண்ணை ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, பிற இடத்து மண்ணைவிட டயாக்சின் மிகுந்திருந்ததைக் கண்டார்கள்.

இத்தகைய குளோரின் விஷங்கள் உடலில் என்ன செய்யும்? 1955க்கும் 1959க்கும் இடையே துருக்கியின் தென்கிழக்கில், ஹெக்ஸாகுளோரோபென்சீன் பூசிய விதைக் கோதுமையை ரொட்டியாக்கித் தின்ற சுமார் 3,000 முதல் 4,000 பேர் தோல் வெந்து புண்ணாகி அவதிப்பட்டார்கள். தாய்ப்பாலின் வழியே விஷத்தைப் பருகிய சிசுக்கள் ஏராளமாக மாண்டன. அது பெரும் அளவு உட்சென்றதன் விளைவு. சிறு அளவிலோ கேடு ஓசையின்றி நடக்கிறது. டயாக்சின்களுள் மிகக் கொடியதைப் புற்றுநோய் விளைவிப்பதென்று 1997இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது; மனித உடலின் கொழுப்பில் அது பாதியாகக் குறைவதற்கே 7 முதல் 11 ஆண்டுகள் பிடிக்கும். மண்ணிலிருந்து அது நேரே பயிருக்குள் ஏறுவது சொற்பமே. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையும், மண்ணைக் கிளறி இரை பொறுக்கும் நாட்டுக்கோழியுமே அதற்குரிய பாதைகள்.

ஆகவே ஊரின் நிலத்தை அறிய முட்டையைச் சோதிப்பது உலகில் கையாளப்படும் வழி. கேரளத்து ஏலூரில் 2005இல் அவ்வாறு சோதித்தபோது, முட்டையில் இருந்த டயாக்சின் அக்காலத்து ஐரோப்பிய வரம்பைப் பன்மடங்கு மீறியிருந்தது. அச்சங்குளத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் மேயும் கோழிகளின் முட்டையையும், கழிவு கொளுத்தும் பொட்டல்களின் மண்ணையும் ஆண்டுக்கொருமுறை பரிசோதித்து, முடிவை அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அவ்வூர் ஜனங்கள் கிராமசபைத் தீர்மானத்தின் மூலம் கேட்கவேண்டும்.